திருப்ப முடியாத குடை

ராணுவ ஏலத்தில் இரண்டு எடுத்தோம், கிலோக் கணக்கில்.
ஒன்று குன்னூரில் ரெஜினால்டின் மச்சினி கல்யாணத்துக்குப்
பந்தலாகப் போய், சாம்பார்க் கறையோடு திரும்பியது.
மற்றது இது.
இருபத்தெட்டுத் துண்டு, இருபத்தெட்டுக் கயிறு,
ஓரத்தில் மங்கிய மை முத்திரை:
என்னைவிடப் பதினாறு வயது மூத்தது.

மூன்று இரவு சாப்பாட்டு மேசையில் விரித்துச்
சாண் சாணாகச் சோதித்தேன்.
பச்சை மருந்து ஒரு சொட்டு. மஞ்சளானால்
துணிக்குள் அமிலம், தூக்கிப் போட வேண்டியதுதான்.
பச்சை, பச்சையாகவே நின்றது.

தோள்வாரும் பையும் மட்டும் புதுசு.
மேலறையில் மடித்த சதுர ரிசர்வ்,
அதன் மடியில் தீப்பெட்டி அளவு கம்ப்யூட்டர்.
நான் மயங்கிக் கல்லாய் விழுந்தால்
என்னைக் கேட்காமலே கயிறறுத்துக் குடை விரிக்கும்.
அதற்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு:
எங்கே கண் திறக்கிறதோ அதுதான் பூமி.
போன மாதம் ஒருவன் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கையில்
அதை முடுக்கிவிட்டு மலையேறி வந்தான்.
ரெஜினால்டு அவனைக் குதிக்க விடவில்லை.
"தரை இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கீழே இருக்குன்னு
நெனச்சுக்கிட்டே இருக்கும், நீ மண்ணுக்குள்ள போன பிறகும்."

ஆகவே லவ்டேல் மைதானத்தின் நடுவில் நின்று,
பனி ஈரம் பூட்ஸில் ஏற,
முடுக்கினேன். பூஜ்யம் என்றது.
மணிக்கட்டுக் கருவியும் பூஜ்யம் என்றது.
நானும் ஒப்புக்கொண்டேன்.

ஹெலிகாப்டர் கதவில் குளிர் பல்லுக்குள் நுழைந்தது.
ஐந்து எண்ணினேன். இழுத்தேன்.

சதுரக் குடை யோசித்து யோசித்துத் திறக்கும்.
இது யோசிக்கவில்லை.
முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
அப்புறம்
ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால்,
காற்று போகிற வேகத்தில் நானும் போவதால்
காதில் காற்று இல்லை, கன்னத்தில் இல்லை.
கேத்தி ஸ்டேஷனில் எஞ்சின் பெருமூச்சு விட்டது கேட்டது.
யாரோ யாரையோ, "ஏ, மோட்டாரை நிறுத்து" என்றது கேட்டது.
முந்நூறு முறை குதித்திருக்கிறேன்,
ஊர் பேசுவதைக் கேட்டதில்லை.

ரெஜினால்டு சதுரத்தில் என்னைச் சுற்றி வந்தான்,
பால்காரன் சைக்கிளைச் சுற்றும் நாய்க்குட்டி மாதிரி.
"இடது! இடது பக்கம் இழு, மைதானம் அங்கே!"
இழுத்தேன். குடை மரியாதையாகத் தலை சாய்த்தது,
கேட்டுக்கொண்டது,
தன் வழியே போனது.
மைதானம் காலடியில் நழுவியது.
யூகலிப்டஸ், தேயிலை, ரயில் பாதை.
பிறகு பூமியே பள்ளமாக இறங்கி விலகியதில்
எனக்கு இன்னும் கொஞ்சம் ஆகாயம் மிச்சம் கிடைத்தது.

மலைக்காற்று மெலிசு. கணக்கைவிட வேகமாகத் தரை வந்தது.
பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள்
வரிசை தப்பாமல் கேரட் பாத்தியில்.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால்
ரப்பர் பூட்ஸ், தலையில் உரச்சாக்கு, கையில் ஹோஸ்.
மாதி என்று பெயர், பிறகு தெரிந்தது.
"இதைத் திருப்ப முடியாதா?"
"முடியாதுங்க."
"அந்த ஆளு திருப்புறாரே."
"அது வேற குடை."
"அப்ப நீ ஏன் அதுல வரல?"

இதற்கு ரெஜினால்டுக்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன்,
தங்கைக்கு வேறொன்று,
அனுமதிப் படிவத்தில் மூன்று வரி.
ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
அவள் போனில் கணக்குப் போட்டாள்:
நாலு பாத்தி, இன்றைய மண்டி விலை, ஆயிரத்து அறுநூறு.
கொடுத்தேன்.
மிதிபட்டதில் முழுசாக இருந்த ஒன்றைக் கழுவி நீட்டினாள்.

கடித்தேன். மண் போகாத இனிப்பு.
வாரிலிருந்த சேற்றை வழிக்கையில்தான் மணிக்கட்டைப் பார்த்தேன்.
மைனஸ் நூற்று எண்பது.
காலையில் நான் ஒப்புக்கொண்ட பூமிக்கு
நூற்று எண்பது மீட்டர் கீழே உட்கார்ந்து
கேரட் தின்றுகொண்டிருந்தேன்.